மோட்டார் இல்லாத மலைச் சாலை

நீங்கள் சைக்கிள் கற்றுக்கொண்ட நாள் நினைவிருக்கிறதா? அண்ணாவோ மாமாவோ ஸீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்திருப்பார். "பிடிச்சுண்டுதான் இருக்கேன், பயப்படாமல் மிதி!" என்று கத்தியிருப்பார். நீங்கள் திரும்பிப் பார்த்தால் அவர் பத்து கஜத்துக்கு அப்பால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பார். அவர் விட்டுவிட்டார் என்று தெரிந்த அந்தக் கணத்தில்தான் முழங்கால் சிராய்த்திருக்கும்.

அது எந்தத் தெரு என்று யோசித்துப் பாருங்கள். நிச்சயமாகப் பஸ் போகிற தெரு அல்ல. கோவிலுக்குப் பின்னால் ஒரு சந்து, அல்லது பள்ளிக்கூட மைதானம், அல்லது வீடு கட்டாத மனைகளுக்கு நடுவே ஒரு மண் பாதை. வண்டி எதுவும் வராத இடமாகப் பார்த்துத்தான் பெரியவர்கள் நம்மைக் கூட்டிப் போனார்கள்.

அந்தச் சந்து முடிகிற இடத்தில் பெரிய சாலை ஆரம்பமாகும். அங்கே வந்ததும் நாம் இறங்கி, சைக்கிளைத் திருப்பிக்கொண்டோம். தம்பிகள் சில வருஷத்தில் அந்த எல்லையைத் தாண்டிப் போய்விட்டார்கள். நம்மில் எத்தனை பேர் தாண்டினோம்? "வேண்டாம் அம்மா, லாரி வருகிறது" என்ற ஒரு வார்த்தையோடு எத்தனை வீட்டில் சைக்கிள் பரணுக்குப் போயிற்று!

அந்தப் பின் சந்தைப் போலவே மோட்டார் வாடையே இல்லாத ஒரு சாலை, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, நாலு மலைக் கணவாய்களை ஏறி இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு சாலை இருக்கிறது. வருஷம் முழுவதும் இல்லை. ஒன்றிரண்டு நாட்களுக்கு மட்டும், அதுவும் சில மணி நேரத்துக்கு மட்டும். இன்று அங்கே போய் வருவோம், வாருங்கள். பாஸ்போர்ட் வேண்டாம், டிக்கெட் வேண்டாம். ஒரு ஸ்வெட்டர் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மேலே குளிரும்.

கடலுக்கு அடியில் பிறந்த மலை

இத்தாலியின் வடக்கு எல்லையை ஒட்டி டோலமைட் மலைகள் நிற்கின்றன. பச்சைப் புல்வெளியின் நடுவே, யாரோ அடித்து நட்ட மாதிரி, வெளிறிய சாம்பல் நிறத்தில் செங்குத்தான பாறைச் சுவர்கள். இவை ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தவை என்றால் நம்புவீர்களா? இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், வெப்பமான ஆழமில்லாக் கடலில், பவளமும் பாசியும் சிப்பியும் படிந்து படிந்து உண்டான பாறைகள் இவை. பின்னால் பூமி நெருக்கியபோது மேலே எழும்பிவிட்டன. தோலோமியே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி இந்தக் கல்லின் தனித்தன்மையை முதலில் எடுத்துச் சொன்னார். அவர் பெயரையே கல்லுக்கு வைத்து, கல்லின் பெயரை மலைக்கும் வைத்துவிட்டார்கள். 2009-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இந்த மலைகளை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது.

இவற்றின் நடுவில் செல்லா என்று ஒரு பெரிய மலைத் திரள். அதன் உச்சி 3,152 மீட்டர். அரண்மனை மதில் போல நிற்கிற அந்தத் திரளைச் சுற்றிப் பிரதட்சிணமாக ஒரு சாலை ஓடுகிறது. நாலு திசைக்கும் நாலு கணவாய்: கம்போலோங்கோ, பொர்தோய், செல்லா, கார்தேனா. இந்தச் சுற்றுக்குச் செல்லாரோண்டா என்று பெயர். குளிர்காலத்தில் இதே பெயரில் பனிச்சறுக்குக்காரர்கள் மலையைச் சுற்றுகிறார்கள்; கோடையில் சக்கரங்கள் சுற்றுகின்றன.

சாதாரணக் கோடை நாளில் அந்தச் சக்கரங்களில் பெரும்பாலானவை மோட்டார் சக்கரங்கள். கார், பஸ், படுக்கை வசதியுள்ள வண்டி, இவை போதாதென்று காதைப் பிளக்கும் மோட்டார் சைக்கிள் கூட்டம். பாறைச் சுவர் ஒவ்வொரு ஒலியையும் வாங்கி இரண்டாகத் திருப்பிக் கொடுக்கும்.

ஆனால் ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அண்மை ஆண்டுகளில் செப்டம்பரிலும் ஒரு சனிக்கிழமை, இந்தச் சாலை முழுவதையும் மோட்டார்களுக்கு அடைத்துவிடுகிறார்கள். காலையில் அடைத்தால் பிற்பகல் வரை, ஏறத்தாழ ஏழு மணி நேரம். அதற்கு 'செல்லாரோண்டா பைக் டே' என்று பெயர். இது பந்தயம் அல்ல. கட்டணம் இல்லை, பெயர் பதிய வேண்டியதில்லை, மார்பில் எண் குத்திக்கொள்ள வேண்டியதில்லை, முதலில் வந்தவருக்குக் கோப்பையும் இல்லை. சைக்கிள் இருந்தால் போதும். சாலைக்கு வந்து நில்லுங்கள், மிதியுங்கள்.

நாலு பையில் ஒரு மூட்டை

கொர்வாரா என்ற ஊரிலிருந்து நாம் புறப்படுகிறோம். முதல் கணவாய் கம்போலோங்கோ. உயரம் 1,875 மீட்டர். 5.8 கிலோமீட்டர் ஏற்றம். நூறு மீட்டர் போனால் ஆறு மீட்டர் உயரும். கேட்பதற்கு ஒன்றுமில்லை போல இருக்கிறது அல்லவா? இரண்டு மாடி உயரத்தை நூறு மீட்டருக்கு ஒரு தரம் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஐம்பத்தெட்டுத் தரம்.

"ஐயையோ, நம்மால் ஆகாது" என்று இறங்கிவிடாதீர்கள். இங்கேதான் கியர் என்ற தந்திரம் இருக்கிறது. ஒரு மூட்டை அரிசியை மாடிக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரே தூக்காகத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதையே நாலு பையாகப் பிரித்து நாலு நடையாகக் கொண்டுபோனால்? நடை அதிகம்; கனம் குறைவு; அரிசி என்னவோ மேலே போய்ச் சேர்ந்துவிடும். கியரும் இதைத்தான் செய்கிறது. முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரம் என்று சங்கிலியை மாற்றிக்கொண்டால் கால் அதிகத் தரம் சுற்றும், ஒவ்வொரு சுற்றிலும் பாரம் குறையும். அவசரப்படுகிறவருக்குத்தான் மலை கஷ்டம். மூச்சு வாங்காமல் பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிகிற வேகத்தில் போனால், பத்து வயதுப் பெண்ணும் ஏறுவாள், எழுபது வயதுப் பாட்டியும் ஏறுவாள். இப்போது மின்சார மோட்டார் பொருத்திய சைக்கிள் வேறு வந்துவிட்டது. அதில் வந்தாலும் யாரும் முகத்தைச் சுளிப்பதில்லை.

கூட்டம் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. ஆனால் சத்தம்? சங்கிலியின் 'டிக் டிக்', டயர் தாரில் உரசும் ஓசை, யாரோ சிரிக்கிற சிரிப்பு. கீழே புல்வெளியிலிருந்து பசுக்களின் கழுத்து மணி. ஓடையின் சலசலப்பு. இந்த ஓசையெல்லாம் நேற்றும் இங்கேதான் இருந்தது. மோட்டாரின் கீழே அமுங்கிக் கிடந்தது, அவ்வளவுதான்.

முப்பத்து மூன்று வளைவுகள்

கம்போலோங்கோவிலிருந்து இறங்கினால் அரப்பா என்ற சிற்றூர். அங்கிருந்து பொர்தோய்க் கணவாய்க்கு ஏறவேண்டும். 9.2 கிலோமீட்டர், 33 கொண்டை ஊசி வளைவுகள். கணவாயின் உயரம் 2,239 மீட்டர். அதாவது நம்முடைய உதகமண்டலத்தின் உயரந்தான். ஆனால் அங்கே ஜூன் மாதத்திலும் ஓரத்தில் பனித் திட்டுகளைப் பார்க்கலாம்.

வளைவு இத்தனை எதற்கு என்று கேட்கலாம். செங்குத்தான சரிவில் நேராகச் சாலை போட்டால் குதிரைக்கும் ஏற முடியாது. அதையே இப்படியும் அப்படியுமாக மடித்து விட்டால் தூரம் அதிகமாகிறது, ஏற்றம் குறைகிறது. மறுபடியும் நம் அரிசி மூட்டைக் கணக்குத்தான்! ஒவ்வொரு வளைவு திரும்பும்போதும் சற்று முன் நாம் மூச்சிரைத்த இடம் காலடியில் தெரிகிறது. "அட, நாமா இவ்வளவு உயரம் வந்துவிட்டோம்!" என்று நமக்கே நம் மேல் ஒரு மரியாதை உண்டாகிறது.

இந்தச் சாலை 1909-இல் முடிந்தது. அப்போது இந்தப் பகுதி ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தைச் சேர்ந்தது. மேற்கே போல்ஸானோவையும் கிழக்கே கோர்த்தினாவையும் இணைத்து, மலை பார்க்க வருகிற உல்லாசப் பிரயாணிகளுக்காகப் போட்ட சாலை. போட்டு ஆறு வருஷம் ஆவதற்குள், 1915-இல் இத்தாலிக்கும் ஆஸ்திரியாவுக்கும் யுத்தம் மூண்டுவிட்டது. அரப்பாவுக்கு அருகே தெரிகிற கோல் தி லானா என்ற மலையின் உச்சியை, 1916 ஏப்ரலில், அடியில் சுரங்கம் தோண்டி வெடி வைத்துத் தகர்த்தார்கள். எதிரிப் படையினர் உச்சியோடு போனார்கள். 'இரத்த மலை' என்று அதற்குச் சிப்பாய்கள் பெயர் வைத்தார்கள். பொர்தோய்க் கணவாயில் வட்டமாக ஒரு நினைவு மண்டபம் இருக்கிறது. 8,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் எலும்புகள் அங்கே உறங்குகின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள். சைக்கிளைச் சாய்த்துவிட்டு அங்கே ஒரு நிமிஷம் நின்று வருவோம்.

கணவாயின் உச்சியிலேயே இன்னொரு நினைவுச் சின்னமும் உண்டு. அது ஃபௌஸ்தோ கொப்பி என்ற சைக்கிள் வீரருக்கு. இத்தாலியைச் சுற்றி வரும் மாபெரும் சைக்கிள் பந்தயமான ஜீரோ தித்தாலியா, பொர்தோய்க் கணவாய்க்கு முதன்முதலில் வந்தது 1940-இல். அந்த வருஷம் வென்றவர் கொப்பி. வயது இருபதுதான்! இத்தாலியர்கள் அவரை இன்றும் கொண்டாடுகிறார்கள்.

துடைப்பக் கட்டையும் ஒரு பெண்ணும்

கொப்பிக்குச் சிலை இருக்கட்டும். அதே பந்தயத்தில் அவருக்குப் பதினாறு வருஷத்துக்கு முன்பே ஓட்டிய ஒரு பெண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்லாமல் இந்தக் கணவாயைவிட்டு இறங்க எனக்கு மனமில்லை.

அவர் பெயர் அல்ஃபோன்ஸீனா ஸ்த்ராதா. 1891-இல் எமிலியா பிரதேசத்தில் ஓர் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தார். அவருக்குப் பத்து வயது இருக்கும்போது அப்பா ஒரு பழைய சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து பெண்ணைச் சைக்கிளிலிருந்து இறக்க முடியவில்லை. ஊரார் பார்த்தார்கள். 'பாவாடை கட்டிய பிசாசு' என்று பட்டம் சூட்டினார்கள். பெற்றோர் பயந்து, கல்யாணம் செய்தால் சரியாய்ப் போகும் என்று நினைத்தார்கள். வந்த மாப்பிள்ளையோ கல்யாணப் பரிசாகப் பெண்ணுக்கு ஒரு புதுச் சைக்கிளை வாங்கிக் கொடுத்தார்! இப்படிப்பட்ட மாப்பிள்ளை எல்லோருக்கும் வாய்க்குமா?

1924-ஆம் வருஷம். பணத் தகராறினால் அந்த ஆண்டு ஜீரோவுக்குப் பெயர் பெற்ற வீரர்கள் பலர் வரவில்லை. பந்தயம் சோபிக்க வேண்டுமே என்று கவலைப்பட்ட நிர்வாகிகள் அல்ஃபோன்ஸீனாவின் மனுவை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் பட்டியலில் அவர் பெயரின் கடைசி எழுத்தை விட்டு 'அல்ஃபோன்ஸின்' என்று போட்டார்கள். ஆணா பெண்ணா என்று படிக்கிறவர்களுக்குத் தெரியாது! புறப்பட்டவர்கள் 90 பேர். பன்னிரண்டு கட்டங்களாக 3,600 கிலோமீட்டருக்கு மேல் தூரம். இந்தக் கணவாய்களுக்கு அந்தக் காலப் பந்தயம் வரவில்லை என்றாலும், இத்தாலியின் முதுகெலும்பான அப்பெனைன் மலைகளை அவர் மண் சாலைகளில் ஏறினார்.

பெரூஜியாவுக்குப் போகும் கட்டத்தில் மழையும் காற்றும் அடித்தன. கீழே விழுந்ததில் சைக்கிளின் கைப்பிடி முறிந்துவிட்டது. வழியில் இருந்த ஒரு குடியானவப் பெண்மணி ஒரு துடைப்பத்தின் கட்டையை ஒடித்துக் கொடுத்தாள். அதை வைத்துக் கட்டிக்கொண்டு மறுபடி ஏறி மிதித்தார் அல்ஃபோன்ஸீனா. குறித்த நேரத்துக்குப் பிந்தித்தான் போய்ச் சேர முடிந்தது. விதிப்படி கணக்கிலிருந்து அவரை நீக்கிவிட்டார்கள். "கணக்கில் இல்லாவிட்டால் என்ன, ஓட்டுகிறேன்" என்று அவர் தொடர்ந்தார், நிர்வாகிகளும் விட்டார்கள். மிலான் நகரில் பந்தயம் முடிந்தபோது கணக்கில் மிஞ்சியவர்கள் 30 பேர். அவர்களோடு, கணக்கில் வராத இந்தப் பெண்ணும் வந்து சேர்ந்தார். மறு வருஷம் அவருக்கு அனுமதி இல்லை. அதற்குப் பிறகு ஆண்களின் ஜீரோவில் இன்று வரை எந்தப் பெண்ணும் ஓட்டவில்லை. பெண்களுக்கென்று தனி ஜீரோ 1988-இல்தான் வந்தது. அல்ஃபோன்ஸீனா அதைப் பார்க்க இல்லை. மிலானில் ஒரு சைக்கிள் கடை நடத்தி வந்த அவர் 1959-இல் காலமானார்.

அல்ஃபோன்ஸீனா அசாதாரணமான தைரியசாலி. ஊர் ஏசினாலும் கைப்பிடி முறிந்தாலும் நிற்காதவர். எல்லாரும் அப்படி இருக்க முடியுமா? இருக்கத்தான் வேண்டுமா? ஒரு பெண் சைக்கிளில் வெளியே போவதற்குத் தைரியசாலியாக இருந்தாக வேண்டும் என்றால், அந்தச் சாலையில் ஏதோ கோளாறு இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

பைக் டே அன்று பொர்தோயில் நின்று வருகிறவர்களைப் பாருங்கள். பந்தய உடுப்புக்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் எந்த நாளிலும் வருகிறவர்கள்தான். பின்னால் பாருங்கள். முன்னால் கூடையில் ரொட்டிப் பையோடு ஓர் அம்மாள். குழந்தையைப் பின்னால் சிறு வண்டியில் வைத்து இழுத்து வரும் தம்பதி. மூச்சு வாங்க இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடக்கிற தாத்தா. இவர்கள் மற்ற நாளில் எங்கே இருந்தார்கள்? வீட்டில்தான் இருந்தார்கள். மலை அவர்களைத் தடுக்கவில்லை, மோட்டார் தடுத்தது.

மூடலாமா, திறக்கலாமா?

இறங்கும்போது கவனம் வேண்டும். மோட்டார் இல்லை என்பதற்காக அபாயமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. தலைக்கவசம் கழலக் கூடாது. வலது ஓரமாகவே போகவேண்டும். அந்த நாட்டில் வலது பக்கந்தான் வழக்கம். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிவிடும். வளைவுக்கு முன்னால் பிடித்து வேகத்தைக் குறைத்துக்கொண்டு, வளைவில் விடவேண்டும். வேர்த்த உடம்பில் குளிர் காற்று படுமே என்று பழைய பந்தயக்காரர்கள் ஒரு யுக்தி செய்வார்கள்: செய்தித்தாளை மடித்துச் சட்டைக்குள் மார்போடு செருகிக்கொள்வார்கள். படித்து முடித்த பத்திரிகைக்கு இப்படியும் ஓர் உபயோகம்!

கானாசேய் ஊருக்கு மேலேயே சாலை பிரிகிறது. அங்கிருந்து செல்லாக் கணவாய், 5.5 கிலோமீட்டர். நாலிலும் இதுதான் செங்குத்து: நூற்றுக்கு எட்டு. மேலே போய்ச் சேர்ந்தால், எதிரே சஸோலுங்கோ மலை, 3,181 மீட்டர் உயரத்தில், விரல்களை விரித்த கை போல நிற்கிறது. பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

இந்த இடத்தில்தான் ஒரு வழக்கும் நிற்கிறது. 2017-ஆம் ஆண்டு கோடையில், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் புதன்கிழமைகளில், பகல் நேரத்தில் செல்லாக் கணவாயை மோட்டார்களுக்கு மூடிப் பார்த்தார்கள். மற்றவர்கள் பஸ்ஸிலோ, கம்பி வண்டியிலோ, சைக்கிளிலோ, கால்நடையாகவோ வரலாம். வந்தவர்கள் பலர் மகிழ்ந்தார்கள். ஆனால் கணவாயில் ஹோட்டலும் சிற்றுண்டிக் கடையும் வைத்திருப்பவர்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது. அதே உருவில் அந்த ஏற்பாடு மறு வருஷம் தொடரவில்லை.

அவர்களைக் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அவர்கள் பக்கமும் நின்று பாருங்கள். மலையில் கோடை இரண்டு மூன்று மாதம். அதற்குள் சம்பாதித்ததை வைத்துத்தான் பிழைக்க வேண்டும். காரில் வருகிற குடும்பம் உட்கார்ந்து நாலு வகை வாங்கிச் சாப்பிடும். பஸ்ஸில் வருகிறவர் மணியைப் பார்த்துக்கொண்டே காப்பி குடிப்பார் என்ற பயம். பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு வேலைக்குப் போகிறவருக்கு, ஒரு கணவாய் மூடினால் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கலாம். நடக்க முடியாத முதியவருக்குக் கார்தானே கால்?

இன்னொரு பக்கத்தில், மலையைத் தேடித்தான் எல்லோரும் வருகிறார்கள். எல்லோரும் மோட்டாரில் வந்தால் தேடி வந்த மலையே புகைக்கும் இரைச்சலுக்கும் பின்னால் ஒளிந்துகொள்கிறது. இந்தச் சண்டையில் ஒரு நாளும் முழுத் தீர்ப்பு வராது போலும். ஆனால் வருஷத்தில் ஓரிரு நாள் என்றால் கடைக்காரரும் சம்மதிக்கிறார், பஸ் கம்பெனியும் சம்மதிக்கிறது. அன்று சைக்கிள்காரர்களின் பசிக்குக் கடையில் இடம் கிடைக்காது என்பது வேறு விஷயம்! வீட்டில் மாமியாரும் மருமகளும் முழுக் கொள்கையில் ஒத்துப்போகாவிட்டாலும், ஞாயிற்றுக்கிழமை சமையல் யாருடையது என்பதில் ஒத்துப்போவதில்லையா? அந்த மாதிரிதான்.

பொம்மைப் பள்ளத்தாக்கு

கடைசிக் கணவாய் கார்தேனா, 2,121 மீட்டர். ஏற்றம் மெதுவானது. அதன் மேற்கே கீழே தெரிவதுதான் கார்தேனாப் பள்ளத்தாக்கு. அங்கே ஒவ்வொரு ஊருக்கும் மூன்று பெயர்கள் எழுதிய பலகை இருக்கும். 'செல்வா' என்று இத்தாலிய மொழியில் ஓர் ஊர். ஜெர்மனில் அதற்கே 'வோல்கென்ஸ்டைன்', அதாவது மேகக்கல். மூன்றாவது பெயர் லாதின் மொழியில். செல்லா மலையைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளில் ஏறத்தாழ 30,000 பேர் பேசுகிற சின்னஞ்சிறு மொழி அது. ரோமானியர்களின் பேச்சு லத்தீனிலிருந்து வந்தது. 1919-இல் எல்லை மாறியது. மாகாணங்கள் மூன்றாகப் பிரிந்தன. மொழி மட்டும் கணவாய்களைத் தாண்டி உறவு கொண்டாடிக்கொண்டிருக்கிறது. இந்தச் சைக்கிள் சுற்று முழுவதும் அந்த மொழியின் வீட்டு முற்றத்தைச் சுற்றி வருவதுதான்.

இந்தப் பள்ளத்தாக்குக்காரர்கள் பொம்மை செதுக்குவதில் கெட்டிக்காரர்கள். நீண்ட பனிக்காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும்போது பைன் மரத்தில் பொம்மை செதுக்கி, வண்ணம் தீட்டி, ஐரோப்பா முழுவதும் விற்றார்கள். நம் கொலுப்படியில் வைத்தால் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் சம்மதமாக உட்கார்ந்துகொள்ளும். 1872-இல் அமீலியா எட்வர்ட்ஸ் என்ற ஆங்கில நாவலாசிரியை, தம் தோழியோடு இந்த மலைகளில் சுற்றினார். அப்போது இங்கே பல இடங்களில் சாலையே கிடையாது. நீண்ட பாவாடையுடன், கோவேறு கழுதையின் மேல் ஒரு பக்கமாக உட்கார்ந்து, இரண்டு பெண்களும் கணவாய் கணவாயாக ஏறி இறங்கினார்கள். மறு வருஷம் அவர் எழுதிய பிரயாண நூல் இன்றும் படிக்கப்படுகிறது. சாலை இல்லாததால் அவர்கள் பட்ட சிரமம் கொஞ்சமல்ல. ஆனால் ஒன்று: முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறதோ என்று அவர்கள் பயப்பட வேண்டியிருக்கவில்லை.

பசிக்கிறதா? தூத்ரெஸ் என்று ஒரு பலகாரம் இருக்கிறது. மாவை மெல்லிசாக இட்டு, நடுவில் கீரையும் பாலாடைக் கட்டியும் வைத்து, மேலே இன்னொரு அப்பளம் மூடி, ஓரத்தை அழுத்தி எண்ணெயில் பொரித்தெடுக்கிறார்கள். நம் சோமாசிக்குத் தூரத்து உறவு. சுடச்சுட ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, வளைந்து வளைந்து கீழே இறங்கினால் கொர்வாரா. மொத்தம் 1,600 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கியிருக்கிறோம். முழங்கால் கொஞ்சம் நடுங்கும். முகம் முழுவதும் சிரிப்பாக இருக்கும்.

மறந்துபோன வேளை

பிற்பகலில் தடுப்புகளை எடுத்துவிடுவார்கள். முதல் கார் வரும். பிறகு இரண்டாவது. அரை மணி நேரத்தில் எல்லாம் பழையபடி. குழந்தையோடு வந்த தம்பதி சைக்கிளைக் காரின் கூரையில் ஏற்றிக் கட்டுவார்கள். ரொட்டிக் கூடை அம்மாள் நடைபாதையில் தள்ளிக்கொண்டு போவாள்.

சாயங்காலம் இந்த மலைகள் ஒரு வேடிக்கை செய்யும். வெளிறிய பாறைச் சுவர்கள் எல்லாம் சூரியன் சாயும்போது ரோஜா நிறமாகி, பிறகு ஊதாவாகி, அணைந்துவிடும். லாதின் மொழியில் அதற்குத் தனியாக ஒரு சொல்லே உண்டு: என்ரோஸாதீரா. அதற்கு ஒரு கதையும் சொல்கிறார்கள். லௌரின் என்று ஒரு குள்ளர்களின் அரசன் மலைமேல் அற்புதமான ரோஜாத் தோட்டம் வைத்திருந்தான். யுத்தத்தில் தோற்றுச் சிறைப்பட்டபோது, தன்னைக் காட்டிக்கொடுத்த அந்தத் தோட்டத்தின் மேல் கோபம் வந்துவிட்டது. "பகலிலும் இரவிலும் உன்னை எவரும் பார்க்கக் கூடாது!" என்று சபித்துவிட்டான். ஆனால் அந்தி வேளையைச் சொல்ல மறந்துபோனான். அதனால்தான் அந்தியில் மட்டும் தோட்டம் கொஞ்ச நேரம் கண்ணுக்குத் தெரிகிறதாம்.

கதை கேட்ட பிறகு எனக்கு ஒன்று தோன்றுகிறது. சாலைகளை எல்லாம் மோட்டாருக்கு எழுதிக் கொடுத்துவிட்ட இந்தக் காலத்தில், அந்த ஏழு மணி நேரமும் யாரோ சொல்ல மறந்த ஒரு வேளை மாதிரிதான். அதற்குள் ஓர் அம்மாளும் ஒரு தாத்தாவும் ஒரு சின்னப் பெண்ணும் நாலு கணவாய்களைப் பார்த்துவிட்டு வந்துவிட்டார்கள்.

நம் ஊரில் நாலு கணவாய் வேண்டாம். ஒரு தெரு போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறிலிருந்து எட்டு மணி வரை தெருவின் இரண்டு முனையிலும் ஒரு பெஞ்சியை இழுத்துப் போட, தெருவில் உள்ள பத்து வீட்டுக்காரர்களும் போலீஸாரும் சம்மதித்தால் ஆயிற்று. கேட்டுப் பார்ப்பதில் என்ன நஷ்டம்? கிடைத்தால், பரணில் இருக்கிற சைக்கிளை இறக்கித் துடையுங்கள். டயரில் காற்று இருக்காது. சங்கிலிக்குக் கொஞ்சம் எண்ணெய் வேண்டும். ஸீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவர இந்த முறை உங்கள் பெண்ணைக் கூப்பிடுங்கள்.